பிள்ளைப் பருவத்து அம்மை நோய்கள்

யாழ்ப்பாணத்து ஒழுங்கையொன்றிற் செல்லும் ஒருவர், ஒரு வீட்டுப் படலையில் வேப்பிலைக் கொத்துத் தொங்கக் கண்டால், அவ்வீட்டிற் பிள்ளையொன்று நோயுற்றிருக்கின்றது என்பதை எவரிடமும் கேளாமலே அறிந்துகொள்வார். உள்ளே செல்லார், உரத்துக் கூப்பிடார். வீட்டிலுள்ளோரும் நோயின் பெயரைச் சொல்லார். "அம்மாள் வந்திருக்கிறா" என்று மட்டும் தாழ்ந்த குரலிற் கூறுவர். வெள்ளைத் துணி விரித்த படுக்கை, தலைமாட்டில் வேப்பிலை, மச்சம் புகாத அடுக்களை, தண்ணீர் வார்க்கும் நாள்வரை அயலார் நுழையாத முற்றம் ஆகிய இவை யாவும் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டு வந்த ஒழுங்குகளாம். வற்றாப்பளைக் கண்ணகையம்மனுக்கு நேர்ந்துகொள்ளும் தமிழ்த் தாயும், இந்நோய்களைத் தெய்வங்களின் நோய் என்று தன் மொழியில் வழங்கிப் பத்தினித் தெய்வத்தை வேண்டும் சிங்களத் தாயும் ஒரே அச்சத்தையே பகிர்ந்துகொண்டனர்.

அவ்வச்சம் காரணமற்றதன்று. வைசூரி என்னும் பெரியம்மை, தன்னாற் பீடிக்கப்பட்டோருட் பத்துப் பேருக்கு மூவர் வீதம் கொன்றது. பிழைத்தோர் பலரைக் குருடராக்கியும் வடுவுடையராக்கியும் விட்டது. 1796ஆம் ஆண்டில் எட்வேட் ஜென்னர் தொடங்கிவைத்த அம்மைப்பால் குத்தும் முறையின் பயனாக, இயற்கையாக நேர்ந்த கடைசி வைசூரி 1977ஆம் ஆண்டிற் சோமாலியா நாட்டிற் காணப்பட்டது. 1980ஆம் ஆண்டில் அந்நோய் உலகினின்றும் ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வைசூரி ஒழிந்ததேனும் அம்மாள் என்னும் பெயர் ஒழியவில்லை. மேனியிற் புள்ளியோ பருவோ கொப்புளமோ தோன்றும் பல்வேறு நோய்கள் இன்றும் அவ்வொரு பெயரின் கீழேயே அடங்குகின்றன. அவற்றுள் ஒன்று பெரும்பாலும் தானே வந்து தானே மாறும். மற்றொன்று நுரையீரலைத் தாக்கி உயிரைக் கவரும். இன்னொன்று நோயுற்ற பிள்ளைக்குச் சிறிதும் தீங்கு செய்யாது, அப்பிள்ளையைப் பார்க்க வந்த கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள சிசுவின் கண்ணையும் செவியையும் கெடுக்கும். இவையனைத்தையும் ஒரே பெயரிட்டு ஒரே முறையாற் பேணுதல் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

வேறு பிரித்தறிந்த வரலாறு

இந்நோய்களை ஒன்றிலிருந்து ஒன்று வேறு பிரித்தறிவதற்கு மருத்துவ உலகுக்கு ஆயிரம் ஆண்டுகள் சென்றன. பாரசீகத்தவரான அல்-ராசி என்னும் பேரறிஞர், ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வைசூரியையும் சின்னமுத்தையும் பற்றித் தனிநூல் இயற்றி அவ்விரண்டின் குறிகளையும் வேறுபடுத்திக் காட்டினார். கொப்புளிப்பான் வைசூரியின் இளைய வடிவமன்று, முற்றிலும் வேறான நோயே என்பதை 1767ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் வில்லியம் எபர்டன் தெளிவுபடுத்தினார். இங்கிலாந்திலுள்ள றக்பிக் கல்லூரியின் வைத்தியராயிருந்த கிளெமென்ற் டியூக்சு என்பார், தம் மாணவர்களிடையே கண்ட செந்தடிப்பு நோய்களை ஆராய்ந்து, 1900ஆம் ஆண்டில் நான்காம் நோய் ஒன்று உண்டெனக் கூறினார். சின்னமுத்து முதலாவது, செங்காய்ச்சல் இரண்டாவது, ஜேர்மன் சின்னமுத்து மூன்றாவது என எண்ணப்பட்ட வரிசையிற் பின்னர் ஐந்தாவதும் ஆறாவதும் சேர்க்கப்பட்டன. டியூக்சு கூறிய நான்காம் நோய் தனிநோயன்று என இன்று பெரும்பாலோர் கொள்வர். ஆயினும் ஐந்தாம் நோய் என்னும் பெயர் மருத்துவ நூல்களில் இன்றும் நிலவுகின்றது.

செங்காய்ச்சல் பற்றீரியாவினால் உண்டாவது, பெனிசிலினுக்குக் கட்டுப்படும். ஏனையவை வைரசு என்னும் நுண்கிருமிகளால் விளைவன. பற்றீரியாவை அழிக்கும் மருந்துகள் வைரசுகளை அழிக்கமாட்டா. ஆதலின் இந்நோய்கள் பெரும்பான்மையவற்றில் வைத்தியர் செய்வது, உடல் தானே போரிட்டு வெல்லும் வரை அதற்குத் துணைநிற்றலேயாம்.

காய்ச்சலும் தடிப்பும்

தாய்மாரும் ஆசிரியரும் நினைவிற் கொள்ளத்தக்க எளிய வழியொன்று உண்டு. தடிப்பின் நிறத்தை மட்டும் பார்த்து நோயை அறிய முயல்வது பெரும்பாலும் ஏமாற்றத்தையே தரும். காய்ச்சல் முன்வந்ததா, தடிப்புடன் வந்ததா, தடிப்பு வருமுன் நீங்கிற்றா என வினவுதல் வேண்டும். தடிப்பு மேனியில் எங்கே தொடங்கி எவ்வழிச் சென்றது என்பதையும் கவனித்தல் வேண்டும். இவ்விரண்டு செய்திகளையும் நாளும் பொழுதும் குறித்து வைத்தியரிடம் சொல்லவல்ல தாய், அவருடைய வேலையிற் பாதியை முடித்தவளாவாள்.

சின்னமுத்து

தமிழ்நாட்டார் மணல்வாரி என வழங்கும் சின்னமுத்து, இந்நோய்கள் அனைத்தினும் விரைந்து தொற்றுவது. இதிற் காய்ச்சல் முன்வரும். மூக்குநீர் வடிதல், வறட்டிருமல், கண் சிவந்து வெளிச்சத்தைக் கண்டு கூசுதல் ஆகியன உடன் தோன்றும். இந்நிலையிற் பிள்ளையின் கன்னத்தின் உட்புறத்தை நோக்கின், சிவந்த தளத்தில் உப்புக்கல் தூவினாற்போன்ற வெண்புள்ளிகள் காணப்படலாம். 1896ஆம் ஆண்டில் நியூயோக் நகரத்து வைத்தியர் கென்றி கொப்ளிக் என்பவர் விளக்கிய குறி இது. மூன்று நான்கு நாட் காய்ச்சலின் பின்னரே செந்தடிப்பு நெற்றியின் மயிர் ஓரத்திலும் காதுகளின் பின்னும் தொடங்கி, முகம், மார்பு, வயிறு என இறங்கிப் பாதத்தை அடையும். தடிப்பு எழும்போது காய்ச்சல் தணியாது மேலும் ஏறும்.

இந்நோயின் இயல்பை உலகுக்கு உணர்த்திய ஆராய்ச்சியொன்று குறிப்பிடற்பாலது. வட அத்திலாந்திக் கடலிலுள்ள பரோயே தீவுகளில் 1781ஆம் ஆண்டிற்குப் பின் சின்னமுத்து தோன்றியதில்லை. 1846ஆம் ஆண்டிற் கொப்பன்கேகனிலிருந்து வந்த தச்சுத் தொழிலாளி ஒருவருடன் அது மீண்டும் புகுந்தது. சில மாதங்களுள், 7,782 மக்களுள் ஆறாயிரவருக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். தென்மார்க்கு அரசு அனுப்பிய பீற்றர் பனம் என்னும் இளம் வைத்தியர் ஊரூராகச் சென்று, யார் யாரை எந்நாளிற் சந்தித்தார், எந்நாளில் நோயுற்றார் என வினவிக் குறித்தார். கிருமி புகுந்த நாளிலிருந்து தடிப்புத் தோன்றும்வரை பதின்மூன்று பதினான்கு நாட்கள் செல்லும் என அவர் கண்டார். 65 ஆண்டுகளுக்கு முன் சிறுவராயிருந்தபோது நோயுற்ற முதியோருள் ஒருவரேனும் மறுமுறை நோயுறவில்லை எனவும் கண்டார். கிருமியைக் கண்ணாற் காணமுடியாத காலத்தில், கேட்டும் எண்ணியும் மட்டுமே பெற்ற அறிவு இது.

இன்று அறியப்பட்டவற்றையும் சேர்த்து நோக்குவோம். நோயுற்ற பிள்ளை ஓர் அறையை விட்டு நீங்கிய பின்னும் இரண்டு மணிநேரம்வரை கிருமி அவ்வறைக் காற்றிற் பரந்திருக்கும். எதிர்ப்புச் சக்தியற்ற பத்துப் பேர் நோயாளியுடன் நெருங்கிப் பழகின், ஒன்பதின்மர் நோயுறுவர். தடிப்புத் தோன்றுவதற்கு நான்கு நாள் முன்தொடங்கித் தோன்றிய பின் நான்கு நாள்வரை நோய் தொற்றும். எனவே படலையில் வேப்பிலை கட்டும்போது, பிள்ளை தன் வகுப்பறையிலும் விளையாட்டிடத்திலும் நான்கு நாளாகக் கிருமியைப் பரப்பி முடித்திருக்கும். நம் வழக்கம் நோயாளியைத் தனிப்படுத்தியது நன்று. அது பிந்தித் தனிப்படுத்தியது என்பதே அதன் குறை.

சின்னமுத்தினால் இறக்கும் பிள்ளைகள் தடிப்பினால் இறப்பதில்லை. அதனைத் தொடர்ந்துவரும் நியூமோனியா என்னும் நுரையீரலழற்சி, வயிற்றோட்டம், மூளையழற்சி ஆகியவற்றாலேயே இறக்கின்றனர். உயிற்சத்து ஏ குறைந்த பிள்ளைகளுக்குக் கண்பார்வையும் கெடுதல் கூடும். ஆதலினாலேயே நோயுற்ற பிள்ளைகளுக்கு அச்சத்தை இரண்டு நாள் தொடர்ந்து கொடுக்குமாறு உலக சுகாதார நிறுவனம் விதித்துள்ளது. அளவை வைத்தியரே பிள்ளையின் வயதுக்கேற்ப நிர்ணயிப்பர். நோய் மாறிய பின்னும் கேடு தொடரும். தடுப்பூசி பெறாது சின்னமுத்துற்ற பிள்ளைகளின் இரத்தத்தை ஆராய்ந்து 2019ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, பிற நோய்களுக்கு எதிராக உடல் முன்னரே சேமித்து வைத்திருந்த எதிர்ப்புப் பொருள்களில் 11 முதல் 73 வீதம்வரை அழிந்துபோனமையைக் காட்டிற்று. கற்ற பாடத்தை மறந்த மாணவனைப் போல, உடல் பழைய பகைவரை அடையாளங் காணமுடியாது நிற்கின்றது. சின்னமுத்து மாறிய பிள்ளை பல மாதங்கள் அடிக்கடி நோயுறுவதன் காரணம் இதுவே.

ஜேர்மன் சின்னமுத்து

ஜேர்மனி நாட்டு வைத்தியர்கள் முதலில் வேறுபடுத்திக் கூறியமையால் இப்பெயர் பெற்ற உருபெல்லா நோய், பிள்ளைகளுக்கு மிக இலேசானது. சிறு காய்ச்சல், காதின் பின்னும் பிடரியிலும் நெறிகட்டுதல், மூன்று நாளில் மறையும் இளஞ்சிவப்புத் தடிப்பு ஆகிய இவ்வளவே. இதனைப் பொருட்படுத்தாதிருந்த உலகை விழிக்கச் செய்தவர் சிட்னி நகரத்துக் கண் வைத்தியர் நோமன் கிரெக். 1941ஆம் ஆண்டில், பிறவியிலேயே கண்ணிற் புரை கொண்ட 78 குழந்தைகளைப் பற்றி அவர் எழுதினார். அவர்களுட் பெரும்பாலோரின் தாய்மார் கருவுற்ற தொடக்க மாதங்களில் இந்நோய்க்கு ஆளாகியிருந்தனர். கண்புரை மட்டுமன்றிச் செவிட்டுத் தன்மையும் இருதயக் குறையும் இதனால் நேரும் என்பது பின்னர் உறுதியாயிற்று.

நம்மவர் வழக்கிற் கவனிக்க வேண்டிய இடம் இதுவாம். வீட்டிற் பிள்ளைக்கு அம்மாள் என்றால் அயலிலுள்ள இளம் பெண்களே உதவிக்கு வருவர். அவர்களுள் ஒருத்தி தான் கருவுற்றிருப்பதை இன்னும் அறியாதவளாகவும் இருக்கலாம். வந்தது இன்ன நோய் என்று அறியாமல் எல்லாம் அம்மாளே என இருந்துவிடின், அவ்வுதவியே அவள் பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் நீங்காத் துன்பமாக முடியும்.

கொப்புளிப்பான்

கொப்புளிப்பானிற் காய்ச்சலும் பருக்களும் ஏறத்தாழ ஒன்றாக வரும். பருக்கள் மார்பிலும் முதுகிலும் முகத்திலும் தொடங்கும். செம்புள்ளி ஒரு நாளுக்குள் நீர்த்துளி போன்ற கொப்புளமாகி, உடைந்து, பொருக்குக் கட்டும். ஒருதொகுதி வாடும்போது மறுதொகுதி எழும். ஆதலின் புள்ளி, கொப்புளம், பொருக்கு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் ஒரே வேளையிற் காணப்படுதல் இதன் தனிக்குறியாகும். தடிப்புக்கு ஓரிரு நாள் முன்தொடங்கி, எல்லாக் கொப்புளங்களும் பொருக்குக் கட்டும்வரை இது தொற்றும். அதுவரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பலாகாது. தொற்றிய பின் நோய் வெளிப்படப் பத்து முதல் இருபத்தொரு நாள் செல்லும். மாறிய பின்னும் கிருமி நரம்பு முடிச்சுகளில் ஒளிந்திருந்து, முதுமையில் அக்கி எனப்படும் வேதனைமிக்க கொப்புளங்களாக வெளிப்படுதல் உண்டு. பிள்ளைகள் பெரும்பாலும் இதனை எளிதிற் கடப்பர். வளர்ந்தோர், கர்ப்பிணிகள், பிறந்த சிசுக்கள், நோயெதிர்ப்புக் குன்றியோர் ஆகியோருக்கே இது கொடியது.

ஏனைய தடிப்புகள்

ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைக்கு மூன்று முதல் ஐந்து நாள்வரை கடுங்காய்ச்சல் காய்ந்து, திடீரென விட்டு, விட்ட பின்னர் மார்பிலும் முதுகிலும் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றினால் அது பெரும்பாலும் ஆறாம் நோய் ஆகும். காய்ச்சல் ஏறும்போது வலிப்பு உண்டாவது பெற்றோரை நடுங்கச் செய்யும். தடிப்புத் தோன்றும்போது நோய் முடிந்துவிட்டது. இதனை விளைக்கும் வைரசு 1988ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது.

ஐந்தாம் நோயில், அறைந்தாற்போலக் கன்னங்கள் இரண்டும் சிவக்கும். பின்னர்க் கைகால்களில் வலைப்பின்னல் போன்ற தடிப்புத் தோன்றும். நலமுள்ள பிள்ளைக்கு இதனால் அச்சமில்லை. தலசீமியா முதலிய இரத்த நோயுடைய பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது தீங்கு செய்யக்கூடும்.

கை, கால், வாய் நோய் எனப்படுவது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிறு கொப்புளங்களையும் வாயினுள் புண்களையும் தோற்றுவிப்பது. பாலர் வகுப்புகளில் விரைந்து பரவும். கொக்சாக்கி என்னும் அமெரிக்கச் சிற்றூரின் பெயர் தாங்கிய வைரசுகள் இதன் முதன்மைக் காரணம். வாய்ப்புண்ணினாற் பிள்ளை நீரருந்த மறுப்பதே இங்கு கவலைக்குரியது. பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் மாறும்.

அம்மை போலத் தோன்றும் ஆபத்து

தடிப்புடன் கூடிய காய்ச்சல் அனைத்தையும் அம்மாள் எனக் கொள்வதன் பெருங்கேடு, அம்மையல்லாத நோய்களும் அப்பெயருள் மறைந்துவிடுதலாம். இலங்கையில் 2017ஆம் ஆண்டில் மட்டும் 186,000 பேருக்கு மேற்பட்டோர் டெங்கு நோயுற்றதாகப் பதியப்பட்டது. டெங்கிலும் மேனி சிவக்கும். டெங்கில் ஆபத்து மிகுவது காய்ச்சல் தணியும் வேளையிலேயே என்பது நினைவிருத்தற்குரியது. காய்ச்சல் விட்டது, அம்மாள் இறங்கிவிட்டா என்று வீட்டார் ஆறுதலடையும் அந்நேரத்திற் பிள்ளையின் இரத்தக் குழாய்களினின்றும் நீர் கசியத் தொடங்குதல் கூடும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல்முரசிலோ மூக்கிலோ இரத்தம் கசிதல், கைகால் குளிர்தல், சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றுள் ஒன்றேனும் காணப்படின் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். காரணம் துணியப்படாத காய்ச்சலுக்கு அசுப்பிரின், இபுபுரொபன் ஆகியவற்றைக் கொடுத்தலாகாது. பரசிற்றமோலை மட்டும் பிள்ளையின் நிறைக்கேற்ற அளவிற் கொடுத்தல் வேண்டும். கொப்புளிப்பானிலும் இவ்விரு மருந்துகளும் விலக்கத்தக்கவை.

இன்னொரு சோதனையும் அறிந்திருத்தல் நன்று. தெளிந்த கண்ணாடிக் குவளையின் பக்கத்தைத் தடிப்பின் மேல் அழுத்திப் பார்க்கும்போது, நிறம் மங்காத செந்நீலப் புள்ளிகள் இருப்பின் அது தோலினுள் இரத்தம் கசிந்ததற்கு அறிகுறியாகும். அத்தகைய பிள்ளைக்கு ஒரு மணிநேரமும் தாமதித்தலாகாது. மூச்சு விரைதல், விலாக்குழி உட்செல்லல், பாலோ நீரோ குடியாமை, எழுப்பினும் எழாத உறக்கம், வலிப்பு, ஆறு மணிநேரமாகச் சிறுநீர் கழியாமை ஆகியனவும் அத்தகையனவே. மூன்று மாதம் நிரம்பாத சிசுவுக்குக் காய்ச்சல் வரின் தடிப்பு இருப்பினும் இல்லாவிடினும் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

வழக்கமும் மருத்துவமும்

இவ்வாறு கூறுவதனால் முன்னோர் வழக்கங்கள் யாவும் மூடத்தனம் என எவரும் கருதற்க. நோயாளியைத் தனியறையில் வைத்தலும், தூய வெள்ளைத் துணி விரித்தலும், இளநீரும் கஞ்சியும் கொடுத்தலும், நகத்தாற் சொறியாது வேப்பிலைக் கொத்தினால் வருடலும் எவ்வைத்தியரும் மறுக்காத பணிவிடைகள். வேப்பிலை வைரசைக் கொல்லுமென நம்பி மருந்தைத் தள்ளுதலே தவறு.

கைவிடத்தக்கனவும் உள. முட்டை, மீன், பால் ஆகியவற்றை விலக்கும் கடும்பத்தியம், சத்து மிக வேண்டிய வேளையிற் பிள்ளையை மேலும் மெலிவிக்கும். தாய்ப்பால் கொடுப்பதை எக்காரணங்கொண்டும் நிறுத்தலாகாது. கொப்புளிப்பானில் இளஞ்சூட்டு நீராற் கழுவி மெல்லத் துடைத்தல் புண்கள் சீழ்ப்பிடியாது காக்கும். தண்ணீர் வார்க்கும் நாள்வரை காத்திருத்தல் வேண்டியதில்லை. அம்மாள் இருக்கும் வீட்டில் வைத்தியர் கால்வைத்தல் ஆகாது என்னும் எண்ணமே இவற்றுள் மிகக் கொடியது. மூச்சு வாங்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு தண்ணீர் வார்க்கும் நாளை எண்ணியிருக்கும் வீட்டில், அந்நாள் வராமலே போகலாம். தாய் அம்மனை வேண்டிக்கொண்டே வைத்தியசாலைக்குச் செல்லலாம். அதனால் அம்மன் முனிவாள் எனக் கருதுதல் அவள் கருணைக்கு இழுக்காம்.

தடுப்பும் நம் கடமையும்

சின்னமுத்துக் கிருமி 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பாடசாலை மாணவன் ஒருவனின் இரத்தத்திலிருந்து ஜோன் எண்டேர்சு குழுவினராற் பிரித்தெடுக்கப்பட்டது. 1963இல் தடுப்பூசி வழக்கில் வந்தது. இலங்கையிற் சின்னமுத்துத் தடுப்பூசி 1984இலும், உருபெல்லாத் தடுப்பூசி 1996இலும் அறிமுகமாயின. 2011முதல் இவ்விரண்டுடன் கூகைக்கட்டுக்கும் சேர்த்து ஒரே ஊசி வழங்கப்படுகின்றது. ஒன்பதாம் மாதத்தில் ஒன்றும் மூன்றாம் வயதில் ஒன்றுமாக இருமுறை, கட்டணமின்றி ஏற்றப்படும். இதன் பயனாக இலங்கை 2019இற் சின்னமுத்தையும், 2020இல் உருபெல்லாவையும் நீக்கிய நாடென உலக சுகாதார நிறுவனத்தால் ஏற்கப்பட்டது. ஆயினும் 2023இற் சின்னமுத்து மீண்டும் தலைகாட்டிற்று. நூற்றுக்குத் தொண்ணூற்றைவர் எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தாலன்றி இந்நோய்க்கு அணையிட முடியாது. ஒன்பது மாதம் நிரம்பாத சிசுவுக்குத் தன்னைச் சூழ்ந்துள்ளோரின் எதிர்ப்புச் சக்தியே அரணாகும். எனவே தன் பிள்ளைக்கு ஊசியேற்றாத பெற்றார் அயலார் பிள்ளையின் அரணையும் இடிப்பவராவர்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வகுப்பிற் கண் சிவந்து இருமும் பிள்ளையை முதலிற் காண்பவர் ஆசிரியரே. இவ்வாண்டு இக்கல்லூரியை விட்டு நீங்கும் மாணவர் சில ஆண்டுகளிற் பெற்றோராவர். அவர்கள் வீட்டிற் பிள்ளைக்குத் தடிப்புத் தோன்றும் நாளில், படலையில் வேப்பிலை கட்டுவாராயின் கட்டுக. கட்டுமுன் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்து எந்த ஊசி எந்நாளில் ஏற்றப்பட்டது எனப் பார்ப்பாராக. காய்ச்சல் எப்போது வந்தது, தடிப்பு எங்கே தொடங்கிற்று எனக் குறிப்பாராக. பிள்ளை எவ்வாறு மூச்சு விடுகின்றது என்பதை அருகிருந்து உற்று நோக்குவாராக.